கடைசிப் பிள்ளை

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருந்தால் என் மகள் ஜஸ்லாவை முதலாம் வகுப்பிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள். "இவவுக்கு வேற ஸ்கூல் ஒண்டு பாருங்களேன்" என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். அலிஃப் பேயும் அ ஆவும் வீட்டிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு எதற்கு வேறு ஸ்கூல்? ஆபீஸ் வாசலில் நின்று கத்தின கத்தலில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜஸ்லா பிறக்கும்போதே இடது கால் மெலிந்து பிறந்தாள். முழங்கால் மடியாது. காலைப் பக்கவாட்டில் வீசிப் போட்டுத்தான் நடப்பாள். கண்டியில் செய்து தந்த, அடி உயர்ந்த சப்பாத்து ஒன்று போடுவாள். "எவ்வளவு நடக்கிறாவோ அவ்வளவு நல்லம்" என்று டொக்டர் சொன்னார். அதனால் கடைக்கு, குர்ஆன் ஓதப் பள்ளிக்கு, மிளகு பறிக்கிற தோட்டத்துக்கு என்று எங்கேயும் நடந்துதான் போவாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் நடுத்தரம். வாயில் என்னை மிஞ்சிவிடுவாள்.

பல்லேபொலப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். ஸஃபா, மர்வா, ஹிரா என்று மூன்று இல்லங்கள். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வீதியோட்டம் வைப்பார்கள். பள்ளிக்கூட கேட்டில் தொடங்கி, வயல் ரோட்டால் போய், நெல் மில்லைத் தாண்டி, பெரிய மதகில் திரும்பி வரவேண்டும். மதகில் நிற்கிற டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு றிபன் கட்டிவிடுவார். பாதியில் திரும்பி வந்து ஏமாற்றக்கூடாதல்லவா, அதற்காக. கேட்டில் ஒரு மேசையைப் போட்டு, றிபனோடு வருகிறவர்களின் பேரை எழுதிக்கொள்வார்கள்.

முதலாவதாக வந்தால் ஒரு கிண்ணம். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிண்ணம் பெரிதில்லை. வீதியோட்டத்தை முடித்தவர்கள் மட்டும்தான் விளையாட்டுப் போட்டியன்று தங்கள் இல்லத்தின் அணிநடையில் நடக்கலாம். பேண்ட் முன்னால் போக, கொடியைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க நடப்பார்கள். முடிக்காதவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யார் போட்ட சட்டமோ தெரியாது, அதுதான் வழக்கம். மோட்டுத்தனமான வழக்கம் என்று நான் எப்போதும் சொல்வேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு அது உயிர்.

என் மகள் ஒரு வருஷமும் நடந்ததில்லை. மர்வா இல்லத்துக்குரிய பச்சை உடுப்பு உடுத்துக்கொண்டு போவாள். கூடாரத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைப்பார்கள். மர்வா இல்லத்துப் பிள்ளைகளெல்லாம் பைகளையும் செருப்புகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அவளுக்கு முன்னால் குவித்துவிட்டு, "ஜஸ்லா, பாத்துக்க" என்று ஓடிவிடுவார்கள். நான் பெற்ற பிள்ளை நாள் முழுக்க ஊரார் செருப்புக்குக் காவல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவாள். அதையும் ஒரு டீச்சர், "அவவுக்கும் ஒரு பொறுப்புக் குடுத்திருக்கோம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இந்த வருஷம் வீதியோட்டத்துக்குப் பேர் எடுத்த அன்று பின்னேரம் ஜஸ்லா வீட்டுக்கு வந்து பையை மூலையில் எறிந்தாள். நான் முற்றத்தில் பாயில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"என்னவாம்?" என்றேன்.

"என்னத் தண்ணி மேசைக்குப் போட்டிருக்காங்க. ஓடிட்டு வாறவங்களுக்கு தேசிக்காய் வெட்டிக் குடுக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் ஓடுறேன் டீச்சர்ண்டு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்கல்ல. தலயத் தடவி விட்டாங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சிரிச்சவங்கள எனக்கு ஏச ஏலும் உம்மா. தலயத் தடவுறவங்கள என்ன செய்றது?"

அவள் கிட்ட வந்து உட்கார்ந்து மிளகை அள்ளினாள்.

"எனக்கு முதலாவதா வரத் தேவையில்ல. நடந்து முடிச்சாலே போதும். அடுத்த வருஷம் ஓ.எல். சோதனை வகுப்பு, எங்கள ஒண்டுக்கும் எடுக்க மாட்டாங்க. இந்த வருஷம் ஒருக்கா மார்ச் பண்ணிரணும் உம்மா. ஒருக்கா."

அடுத்த நாள் காலையில் மிளகு மணக்கிற கையோடு அதிபரிடம் போனேன்.

அதிபர் அன்ஸாப் சேர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், பாப்போம்" என்பார். அவர் பார்ப்போம் என்ற எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவருடைய மேசைக்குப் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர் ஷிஃபானும் நின்றார். புதிதாக வந்த பொடியன், முகத்தில் சிரிப்பே இருக்காது. பிள்ளைகள் அவருக்கு நடுங்குவார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"றிஸ்மியா தங்கச்சி, உங்கட மனசு எனக்கு வெளங்குது" என்றார் அதிபர். "ஆனா புள்ள ரோட்டுல விழுந்து ஏதும் ஆனா யாரு பொறுப்பு?"

"மத்தப் புள்ளைகள் விழுந்தா யாரு சேர் பொறுப்பு? போன வருஷம் வெயில்ல மயங்கி விழுந்தவங்கள இந்த வருஷம் நிப்பாட்டிட்டீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

அவர் சிரித்தார். "நாங்க ஜஸ்லாவ மறக்கல்ல. இந்த வருஷம் அவங்களுக்குண்டே விசேஷமா ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கோம். அவவும், காது கேக்காத அந்தச் சின்னவரும், இன்னும் ரெண்டு பேரும். பலூன் உடைக்கிற போட்டி. நாலு பேருக்கும் பரிசு இருக்கு. பிரதம அதிதி கையாலயே குடுப்போம்."

பலூன்! என் தோள் உயரத்துக்கு வளர்ந்த பிள்ளைக்குப் பலூன்!

"தோக்கவே ஏலாத போட்டி என்ன போட்டி சேர்?" என்றேன். "உங்கட மகன் கிரிக்கெட் வெளாடுறாரே, அவருக்கு ஒரு பலூனக் குடுத்து, உடச்சிட்டீங்க, மாஷா அல்லாஹ், இந்தாங்க பரிசுண்டு குடுங்க பாப்போம். வாங்குவாரா? மூஞ்சில எறிவார். என்ட புள்ளக்கி மட்டும் வெக்கம் மானம் இல்லண்டு நெனச்சீங்களா?"

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷிஃபான் சேர்தான் வாயைத் திறந்தார்.

"அவ ஓடக்கூடாதுண்டு சட்டத்துல ஒண்டும் இல்ல சேர்" என்று அதிபரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ராத்தா, மதகுல றிபனக் கட்டிட்டு, மேசய எடுக்க முந்தி வந்தா நான் பேர எழுதுவேன். வராட்டி எழுத மாட்டேன். ஆருக்கும் அதுதான்."

"மேசய எப்ப எடுப்பீங்க?"

"கடைசிப் புள்ள வந்ததும்."

"அவ்வளவுதானே" என்று நான் எழும்பினேன். அதிபர் எழும்பி, "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஜஸ்லா வயல் ரோட்டில் நடந்தாள். சில நாள் நானும் கூடப் போனேன். யா அல்லாஹ், இந்த ஊருக்கு இருக்கிற இரக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது! சைக்கிளில் வருகிறவன் இறங்கி, "ஏறு மகள், கொண்டு விடுறேன்" என்பான். மில்லில் வேலை செய்கிற சிங்களப் பெண்கள் "அனே பவ்", ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவார்கள். ஜஸ்லா சிங்களத்திலேயே, "பவ் இல்ல அக்கா, பழகுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். வீட்டுக்கு வந்தால் குதிகாலில் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் போனாள்.

என் புருஷன் ஹாஷிம் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவர். மகள் மேல் உயிர். ஆனால் மனசு வாழைத்தண்டு. சனம் பார்க்கிறது என்றால் போதும், ஆள் உருகிவிடுவார்.

"என்னத்துக்கு றிஸ்மியா புள்ளய இப்படி வதைக்கிற?" என்றார் ஒரு நாள். "ரோட்டுல எல்லாரும் நிண்டு பாக்கிறாங்க. எனக்குத் தாங்குதில்ல."

"உங்களுக்குத் தாங்குதில்லண்டா கண்ணப் பொத்திக்கங்க. நடக்கிறவ அவ."

அவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

சனிக்கிழமை காலையில் கேட்டடியில் ஒரே அமளி. ஆண் பிள்ளைகள் முதலில் ஓடி, திரும்பியும் வந்துவிட்டார்கள். பிறகு பெண் பிள்ளைகள். மூன்று நிறச் சட்டைகளும் ஸ்கார்ஃபுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஜஸ்லா கடைசி வரிசையில் நின்றாள். பச்சைச் சட்டை, நெஞ்சில் நம்பர். முதல் தடவையாக நம்பர்! அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிபர் போனை எடுத்துக்கொண்டு வந்து அவளை முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தி இரண்டு போட்டோ எடுத்தார். எடுத்து முடிந்ததும் அவள் தானாகவே பின்னால் போய் நின்றாள்.

விசில் ஊதியது. கூட்டம் பாய்ந்தது. என் மகள் காலை வீசி வீசிப் போனாள். மிளகுக் கொடி ஏறின வேலி திரும்புகிற இடத்தில் மறைந்துவிட்டாள். நான் கேட்டடியிலேயே நின்றுகொண்டேன்.

வந்தார்கள். வியர்த்து, மூச்சு வாங்கி, தேசிக்காய்ப் புளிப்பைச் சப்பிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஷிஃபான் சேர் பேரை எழுதி எழுதி வரிசையில் நிறுத்தினார். கடைசியாக ஹமீமா வந்தாள். ஜஸ்லாவின் வகுப்புப் பிள்ளைதான், நல்ல ஆரோக்கியமான பிள்ளை. ஒரு கையில் றிபன், மற்றக் கையில் ஐஸ் பாக்கெட். மில்லடிக் கடையில் நின்று வாங்கிச் சூப்பிக்கொண்டு, வேலி வேலியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஓட்டத்துக்குப் போனியா, கலியாணத்துக்குப் போனியா?" என்று ஷிஃபான் சேர் கத்தினார். "போ, போய் லைன்ல நில்லு." ஹமீமா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பேர் எழுதப்பட்டது.

அதிபர் கையைத் தட்டினார். "அல்ஹம்துலில்லாஹ், கடைசிப் புள்ளயும் வந்தாச்சு. மேசய எடுங்க."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு பெரிய பிள்ளைகள் வந்து கேட்டில் கட்டியிருந்த முடிவு நாடாவைச் சுருட்டினார்கள். கதிரைகள் போயின. என் பிள்ளை ரோட்டில் இருக்கிறாள். நெஞ்சில் நம்பரோடு ரோட்டில் இருக்கிறாள். இவர்களுக்குக் கடைசிப் பிள்ளை வந்தாச்சாம்! அப்போது அவள் யார்? பிள்ளையில்லையா? ஆடா, மாடா?

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. நேரே போய் அந்த மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் மெலிந்த ஆளில்லை. மேசை கிறீச்சென்று சத்தம் போட்டது.

"ராத்தா!" என்றார் ஷிஃபான் சேர்.

"மேசய எடுக்கணும்டா என்னையும் சேத்துத் தூக்குங்க" என்றேன். "கடைசிப் புள்ள இன்னும் வரல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிபர் குனிந்து, ரகசியம் சொல்வது மாதிரிப் பேசினார்.

"தங்கச்சி, எல்லாரும் பாக்கிறாங்க, எறங்குங்க. இது ஸ்கூல் சாமான்."

"என்ட மகளும் ஸ்கூல் புள்ளதான். மேசய வெயில்ல விட மனசில்ல, புள்ளய விட்டுட்டுப் போக மட்டும் மனசு வருதா?"

"ஆரு விட்டது? ஹாஷிமுக்கு நான் முந்தியே சொல்லிட்டேன். அவர் ஓட்டோவக் கொண்டு போயிட்டார். கூட்டிட்டு வந்துருவார். புள்ளக்கும் கஷ்டமில்ல, எங்களுக்கும் நேரத்தோட முடிஞ்சிரும்."

என் புருஷன்! என் வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டு, இவரோடு சேர்ந்து பேசி வைத்திருக்கிறார். நான் வாயைத் திறக்க முன்பே ஓட்டோச் சத்தம் கேட்டது.

ஓட்டோவுக்குள் ஜஸ்லா இருந்தாள். கையில் றிபன் கட்டியிருந்தது. முகம் முழுக்கக் கண்ணீரும் புழுதியும். ஸ்கார்ஃப் கலைந்திருந்தது. மதகுக்குப் போய் றிபன் கட்டிக்கொண்டு, திரும்பி மில் வரைக்கும் வந்துவிட்டாளாம். மில் வாசலில் வைத்து வாப்பா ஓட்டோவை நிறுத்தி, "ஏறு மகள், போதும்" என்றிருக்கிறார். அவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறாள். அவர் இறங்கி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி, அந்த மில் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, திமிறத் திமிறத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்ததே எனக்குப் போதும்.

"மாஷா அல்லாஹ்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார் அதிபர். தட்டினார்கள். பள்ளிக்கூடம் முழுக்கத் தட்டியது. ஜஸ்லா தலையை நிமிர்த்தவில்லை.

அதிபர் மறுபடியும் போனை எடுத்தார். "ஹாஷிம், கேட்டுக்குக் கொஞ்சம் அங்கால எறக்குங்க. நாலு எட்டு நடந்து வரட்டும். நாடாவக் கட்டுங்க புள்ளைகளே, ஒரு நல்ல போட்டோ எடுத்து ஸ்கூல் பேஸ்புக்ல போடுவோம்."

என் பிள்ளையின் பேரை எழுதாமலே எடுத்துவிட்ட நாடா, போட்டோவுக்கென்றால் திரும்பி வருகிறது! நான் மேசையிலிருந்து குதித்து அவருடைய போனைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் ஜஸ்லா பேசினாள்.

"வாப்பா."

ஹாஷிம் திரும்பிப் பார்த்தார்.

"ஏத்தின எடத்துலயே கொண்டு போய் எறக்கி விடுங்க."

"என்ன மகள்?"

"மில்லடியில எறக்கி விடுங்க. நான் அங்கருந்து வாறேன்."

"வெயில் மகள்…"

"வெயில் உங்களுக்கா எனக்கா வாப்பா?" அவள் கத்தினாள். அவள் வாப்பாவிடம் கத்தி நான் கேட்டதில்லை. "நான் நடந்தேன். அவ்வளவு தூரம் நடந்தேன். இனிக் கொஞ்சம்தான் இருந்திச்சு. என்ட ஓட்டத்த நீங்க எடுத்துட்டீங்க. திருப்பித் தாங்க!"

கை தட்டல் நின்றுவிட்டது. ஹாஷிம் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்தபடியே ஒரு பார்வை பார்த்தேன். இருபது வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷன், அந்தப் பார்வை என்னவென்று அவருக்குத் தெரியும். ஓட்டோவைத் திருப்பினார்.

"இது சரிவராது, நேரம் போகுது" என்றார் அதிபர்.

"நேரம் போறவங்க போங்க" என்றேன். "நான் இங்கதான்."

அவர் ஆபீஸுக்குள் போய்விட்டார். டீச்சர்மார் இரண்டு பேர் மரநிழலுக்குப் போனார்கள். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. ஜஸ்லாவுக்காக நின்றார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மேசைமேல் ஒரு பொம்பிளை உட்கார்ந்திருக்கிறதை வேறெங்கே பார்ப்பது, அதற்காக நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அபாயாவுக்குள் வியர்வை ஓடியது. ஷிஃபான் சேர் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு, கேட்டில் சாய்ந்து நின்றார். இந்த மனுஷன் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகு, வேலித் திருப்பத்தில் பச்சைச் சட்டை தெரிந்தது.

தனியாகத்தான் வந்தாள். நல்லாக் களைத்துவிட்டாள், காலை வீசுகிற வீச்சில் அது தெரிந்தது. நின்று மூச்சு வாங்கினாள், வந்தாள், பிறகும் நின்றாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஹாஷிம் ஓட்டோவை உருட்டிக்கொண்டு வந்தார். கிட்ட வரவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்க என் கை துடித்தது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டி வந்து மேசையில் கையை வைத்தாள். றிபன் கட்டின கை.

அதிபரும் வெளியே வந்துவிட்டார். முகத்தில் அதே சிரிப்பு. "நல்ல முயற்சி மகள். ஆனா ஒரு விஷயம் இருக்கு. ஓட்டத்துக்கு இடையில வாகனத்துல ஏறினா பேர் எழுத ஏலாது. அது சட்டம். நாங்க ஒரு ஆறுதல் பரிசு…"

"ஏத்தச் சொன்னது நீங்க!" என்று நான் போட்ட சத்தம் மில்லடி வரைக்கும் கேட்டிருக்கும். "ஆளை அனுப்பி ஏத்திட்டு, இப்ப ஏறினது குத்தமா? அல்லாஹ்வுக்குப் பொறுக்குமா இது? இவ்வளவு நாளும் இல்லாத சட்டம், என்ட புள்ள கேட்டுக்குள்ள கால வெச்சதும் எங்கருந்து மொளச்சிச்சு?"

"தங்கச்சி, சத்தம் போடாதீங்க…"

"போடுவேன்!"

ஷிஃபான் சேர் கையைக் காட்டி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார். கேட்டுக்கு வெளியே நின்ற ஹாஷிமைப் பார்த்து, "எங்க வெச்சு ஏத்தினீங்க?" என்று கேட்டார்.

ஹாஷிம் அதிபரைப் பார்த்தார். மரநிழலில் நிற்கிறவர்களைப் பார்த்தார். சனம் பார்க்கிறது என்றால் உருகுகிற மனுஷன், அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"மில் வாசல்ல. அவ ஏற மாட்டேண்டு சொன்னா. நான்தான் தூக்கிப் போட்டேன். பிழ என்ட."

"எங்க எறக்கினீங்க?"

"அதே வாசல்ல. அதுக்கும் கொஞ்சம் அங்கால எறக்குங்கண்டு சொன்னா. தூரம் கொறஞ்சிரக் கூடாதாம்."

அதிபர், "ஷிஃபான், நாங்க உள்ளுக்குப் போய்ப் பேசுவோம்" என்றார்.

"பேச ஒண்டும் இல்ல சேர். முழுத் தூரமும் நடந்திருக்கா. றிபன் இருக்கு. மேசயும் இன்னும் எடுக்கல்ல." அவர் என்னைப் பார்த்தார். "ராத்தா, நீங்க எறங்கினாத்தான் எனக்கு எழுத ஏலும்."

இறங்கினேன். கால் மரத்துப்போய்த் தடுமாறினேன். ஜஸ்லாதான் என் கையைப் பிடித்தாள்.

அவர் கதிரை கூட இல்லாமல் குனிந்து நின்று எழுதினார். "நம்பர்? இல்லம்?" என்று மற்றவர்களைக் கேட்டது மாதிரியே கேட்டார். அவள் சொன்னாள். யாரோ இரண்டு பிள்ளைகள் கை தட்டத் தொடங்கினார்கள். ஷிஃபான் சேர் தலையைத் தூக்கி ஒரு முறை முறைத்தார், நிறுத்திவிட்டார்கள். பிறகு ஜஸ்லாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையைத் தடவவில்லை.

"திங்கக்கிழமை ஸ்கூல் விட்டதும் மார்ச் பழக்கம். மர்வா மூணாவது வரிசை. சுணங்கி வந்தா வெளியதான், கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சேர்" என்றாள் ஜஸ்லா. அன்று முழுக்க யாரும் அவளிடம் இவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி கோபம். மற்றப் பிள்ளைகள் ஐஸ் பாக்கெட்டைச் சூப்பிக்கொண்டே வாங்கிப் போகிற ஒரு ஏச்சை வாங்க, என் பிள்ளை எட்டு வருஷம் செருப்புக்குக் காவல் இருக்க வேண்டி வந்தது.